பழைய சிமென்ட் பாதை மேல் பேவர் பிளாக் போட

பேவர் வேலை என்றதும், "பழைய தளத்தை உடைக்கணுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தளம் உள்வாங்காமல், ஆடாமல் கிடந்தால் உடைக்க வேண்டாம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். பொத்தென்று சத்தம் வருகிற இடத்தை மட்டும் கொத்தி எடுத்துப் புது கான்கிரீட் போட்டால் போதும்.

அடுத்து உயரம். 60 மில்லிமீட்டர் கல், அடியில் ஒரு இன்ச் மணல்: பாதை ஏறக்குறைய மூன்றரை இன்ச் ஏறும். பக்கவாட்டு கேட் திறக்குமா, வீட்டுத் தரை பாதையைவிட ஆறு இன்ச்சாவது மேலே நிற்குமா என்று பாருங்கள். சேம்பர் மூடிகளைக் கட்டி உயர்த்துங்கள். எக்காரணம் கொண்டும் கல்லுக்கு அடியில் புதைக்காதீர்கள்.

நான் வேலை எடுத்தால் முதலில் கல் இறங்காது, டிரில்லிங் மெஷின்தான் இறங்கும். கல் சந்தில் இறங்கும் தண்ணீரை மண் குடிக்கும், கான்கிரீட் குடிக்காது. ஐப்பசி மழையில் அடிமணல் ஊறி, விரிசல் வழியாக நழுவி, கல் ஆட ஆரம்பிக்கும். ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தேங்குகிற பக்கமாக மூன்றடிக்கு ஒன்று வீதம், கான்கிரீட்டைத் தாண்டி மண் தெரியும்வரை இரண்டு இன்ச் ஓட்டை போட்டு, கால் இன்ச் ஜல்லி சிப்ஸ் நிரப்பி, மேலே ஜியோ துணித் துண்டு (தண்ணீரை விட்டு மணலைப் பிடித்து நிறுத்தும் துணி) விரியுங்கள். இதைச் செய்ய ஆள் முனகுவான். விடாதீர்கள்.

தளத்தில் பள்ளம் இருந்தால் சிமென்ட் கலவையால் நிரப்புங்கள். மணலால் நிரப்பினால், மணல் தடித்த இடம் பின்னால் அமுங்கும்.

அப்புறம் ஓரக் கல். இரு பக்கமும் ஒரு வரிசையைக் கலவையில் பதித்து, ஒரு நாள் இறுக விடுங்கள். சுவரை விட்டு வெளிப்பக்கம் வாட்டம் வேண்டும்: மூன்றடி அகலத்துக்கு அரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கூட. இடையில் இரண்டு ஒரு இன்ச் சதுரக் குழாய்களை வைத்து எம் சாண்ட் கொட்டி, மட்டப்பலகையால் இழுங்கள். குழாயை எடுத்த தடத்தை மணலால் மூடுங்கள். மணலை மிதிக்காமல், போட்ட கல் மேல் நின்றபடியே முன்னேற வேண்டும்.

செங்கல் வடிவக் கல் என்றால் மூன்றடிக்கு முப்பதடிப் பாதைக்கு 420 பிடிக்கும். 445 வாங்குங்கள், வெட்டில் போகும். மூன்றில் ஒரு பங்குக்கும் சிறிய துண்டை ஓரத்தில் செருகாதீர்கள், அது நிற்காது.

கடைசியில் பலகை வைத்துத் தட்டி, நன்றாகக் காய்ந்த பொடி மணலைச் சந்துகளில் கூட்டி விடுங்கள். சிலர் சிமென்ட் பால் ஊற்றுவார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும், சரி. ஆனால் கல் அசையும்போது அது வெடிக்கும், நாளைக்குக் குழாய் ஒழுகினால் கல்லை முழுசாகப் பெயர்க்கவும் முடியாது. முதல் மழைக்குப் பிறகு சந்து மணல் இறங்கியிருக்கும். இன்னொரு தரம் கூட்டி நிரப்புங்கள்.