பொத்தானைக் கீழிருந்து போடச் சொல்லுங்கள்

ஐந்து வயதுப் பிள்ளை சட்டைப் பொத்தானை ஏறுமாறாகப் போடுகிறதா? மேலிருந்து தொடங்குவதுதான் காரணம். கழுத்தருகே இருக்கும் பொத்தான் அதன் கண்ணுக்கே தெரியாது. கடைசிப் பொத்தானிலிருந்து மேலே வரச் சொல்லுங்கள், சரியாக வரும். பழக்குவதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் நல்லது. பள்ளி நாளில் காலை ஆறரை மணிக்கு யாருக்கும் பொறுமை இருக்காது.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மூன்று வயதிலேயே மகளுக்கு அரிசி களையும் வேலை கொடுத்தேன். முதல் நாள் அடுப்படி முழுக்கத் தண்ணீர். "பாவம், பிள்ளையை விடு" என்று ஆயா வந்துவிட்டார். விடவில்லை, மறுநாள் பெரிய பேசினுக்குள் சட்டியை வைத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

கிரேடு ஆர், அதாவது முதல் வகுப்புக்கு முந்தைய வகுப்பு, அதில் சேரும் முன் டிபன் பாக்ஸ் மூடியைத் திறக்கப் பழக்குங்கள். ஏழெட்டு வயதில் கடைக்குக் கூடவே போய், இருபது ரேண்டைப் பிள்ளையின் கையில் கொடுத்து ரொட்டி வாங்கச் சொல்லுங்கள். மீதியையும் அதுவே எண்ணட்டும். பின்னால் நிற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!

அப்புறம் பதினாறு வயது. அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது அது, முதல் அட்டைக்குக் கட்டணமும் கிடையாது. நீங்கள் கூடப் போங்கள், ஆனால் கவுண்டரில் பேசுவது பிள்ளையாக இருக்கட்டும். என் மகன் பேசியபோது நான் இரண்டு முறை வாயைத் திறந்து மூடிக்கொண்டேன்.