மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறதா? டேங்கைப் பாருங்கள்

வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கிணற்று மோட்டார் ‘டக்’கென்று ஓடி, ‘டக்’கென்று நின்று, மறுபடி ஓடினால் முதல் பழி மோட்டார் மேல்தான் விழும். நானும் அப்படித்தான் அதைக் கழற்றிக்கொண்டு போய்க் உள்ளே இருக்கும் செம்புக்கம்பிச் சுருளை (காயில்) புதிதாகக் கட்டி வந்தேன். மாட்டிய அன்றே அதே டக் டக். கோளாறு பிரஷர் டேங்கில், அதாவது மோட்டார் ஏற்றும் தண்ணீரை அழுத்தத்தோடு பிடித்துவைக்கும் மூடிய டேங்கில்.

டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. தண்ணீர் பைக்குள், காற்று பைக்கு வெளியே. அந்தக் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளுகிறது. 20 பிஎஸ்ஐ-யில் (அழுத்தத்தின் அளவு) மோட்டார் ஓடத் தொடங்கி 40-இல் நிற்கும்படி வைத்த 24 லிட்டர் டேங்க், காற்று சரியாக இருந்தாலே, மோட்டார் ஓடாமல் தருவது சுமார் 8 லிட்டர்தான். காற்று இறங்கிவிட்டால் ஒரு சொம்புகூடத் தேறாது; அதனால்தான் மோட்டார் அடிக்கடி ஓடி நிற்கிறது.

பலரும் சறுக்குவது காற்றை அளக்கும் இடத்தில். டேங்கில் தண்ணீர் நிற்கும்போது கேஜை வைத்தால் அது காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தை. மெயினை அணைத்து, குழாயைத் திறந்து, தண்ணீர் முழுக்க வடிந்த பிறகு வால்வின் மூடியைக் கழற்றுங்கள். கார் டயரில் இருக்கும் அதே வால்வுதான். டயர் கேஜே போதும். மோட்டார் 20-இல் ஓடத் தொடங்குமானால் காற்று 18 இருக்க வேண்டும், அதாவது 2 குறைவாக. வால்வு ஊசியை அழுத்தும்போது தண்ணீர் பீய்ச்சினால் பை கிழிந்துவிட்டது. அதற்கு மேல் காற்றடிப்பது வீண். பையை மாற்றத்தான் வேண்டும்.

ஷவரில் வேகம் போதவில்லை என்று பிரஷர் சுவிட்சின் (அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரை ஓடவும் நிற்கவும் வைக்கும் சுவிட்ச்) நட்டை முறுக்கும் பழக்கமும் உண்டு. 25 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றக்கூடிய அதிகபட்ச உயரம்) உள்ள பம்பு எவ்வளவு முக்கினாலும் 35 பிஎஸ்ஐ-யைத் தாண்டாது. சுவிட்ச் 40-இல் நிற்கச் சொன்னால் அது எப்படி நிற்கும்? குழாய் மூடியிருக்க, விடிய விடிய ஓடிச் சூடேறும்.

யாரும் குழாயைத் தொடாத நடுராத்திரியில் மோட்டார் தானாக ஓடினால் உடனே சுவரை இடிக்க ஆள் கூப்பிடாதீர்கள். டேங்க் நிரம்பி மோட்டார் நின்றதும் மெயினை அணைத்துவிட்டு, டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் கேட் வால்வை மூடுங்கள். பிரஷர் கேஜின் முள்ளைக் கால் மணி நேரம் பாருங்கள். முள் இறங்கினால் தண்ணீர் பெரும்பாலும் கிணற்றுக்கே திரும்புகிறது. கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வில் குப்பை சிக்கியிருக்கும். அசையாமல் நின்றால் கசிவு வீட்டுக்குள். முதலில் கக்கூஸ் ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள்.

மோட்டார் சத்தமே இல்லையா? மெயினை அணைத்துவிட்டுப் பிரஷர் சுவிட்சின் மூடியைத் திறந்து பாருங்கள். இரண்டு காண்டாக்ட் பட்டைகளுக்கு நடுவே நசுங்கிய எறும்புகள் கரியாய் ஒட்டியிருக்கும். பழைய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் பல நேரம் ஓடிவிடும்.