பெரியப்பா வீட்டு டிவிக்குப் படம் கொண்டுபோவது எப்படி?

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் பெரியப்பா வீடு. மாதம் ஒருமுறையாவது சேலத்திலிருந்து போய் வருவேன். மழை பிடித்தால் அங்கே சிக்னல் போய்விடும். மழை இல்லாத நாளிலும் பெரிதாக வாழாது. அதனால் நான் போகும்போது பழைய கருப்பு வெள்ளைப் படம் ரெண்டு பென் டிரைவில் போக வேண்டும், அது வீட்டு வழக்கம். (படம் வெளியாகி 60 ஆண்டு முடிந்தால் இந்தியாவில் அந்தப் படத்தின் காப்புரிமை முடிந்துவிடும். பெரியப்பாவின் ரசனை அதற்கும் முந்தையது, எனவே எனக்குக் கவலையில்லை.)

முதல் தடவை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் டிவியில் சொருகினால், திரையில் ஒன்றுமே வரவில்லை. "என்ன கண்ணு, வெறுங்குச்சியக் கொண்டாந்திருக்க?" என்றார் பெரியப்பா. அன்றைக்கு வாங்கிய பேச்சுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று. ஓடிடி ஆப்புக்குள் டவுன்லோட் செய்த படத்தை வெளியே எடுக்க வழி கேட்காதீர்கள். அது பூட்டுப் போட்ட கோப்பு, அந்த ஆப்பைத் தவிர வேறெதிலும் ஓடாது. தனிக் கோப்பாக உங்கள் கையில் இருக்கும் படங்களுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம். கல்யாண வீடியோவுக்கும் இதே கதைதான்.

போனிலிருந்து லேப்டாப்புக்கு

கேபிள் போட்டால், போனின் அறிவிப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்ற வேண்டும். அந்த அறிவிப்பே வரவில்லையா? கேபிள் சார்ஜுக்கு மட்டுமானது, வேறு கேபிள் எடுங்கள்.

நான் கேபிளை விட்டு வருஷமாகிறது. என் ஓட்டு லோக்கல்சென்ட் ஆப்புக்கு. இலவசம், விளம்பரம் கிடையாது, ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடும். ரெண்டு கருவியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு எல்லோரும் வைத்திருந்த ஷேர்இட் (SHAREit), செண்டர் (Xender) ஆப்புகள் ரெண்டும் 2020 ஜூனில் இந்திய அரசு தடை செய்த 59 ஆப்புகளில் போய்விட்டன. அதே பெயரில் யாராவது ஏபிகே கோப்பு (ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு) அனுப்பினால் தொடாதீர்கள்.

பென் டிரைவ்: நான் விழுந்த குழி

அன்றைக்கு நடந்தது இது. லேப்டாப்பில் 5.3 ஜிபி படம். பென் டிரைவில் 20 ஜிபிக்கு மேல் இடம் காலி. ஆனாலும் காப்பி செய்தால் 'கோப்பு மிகப் பெரியது' என்றது விண்டோஸ். இடம் இருக்கிறதே, அப்புறம் என்ன பெரியது?

சிக்கல் இடத்தில் இல்லை, பென் டிரைவின் ஃபார்மட்டில், அதாவது அது கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில். ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட்டில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தொடக் கூடாது. டிரைவ் எத்தனை பெரிதாக இருந்தாலும் இதுதான் கணக்கு. சரி என்று, இந்தக் கட்டுப்பாடு இல்லாத எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட்டுக்கு மாற்றினேன். படம் அழகாக ஏறியது, லேப்டாப்பில் ஓடவும் செய்தது. வெற்றி வீரனாக மலையேறினேன். பெரியப்பாவின் டிவி பழசு, அதற்கு எக்ஸ்ஃபேட் என்றால் என்னவென்றே தெரியாது. வெறுங்குச்சி!

எனவே வேலையைக் கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதல் நடையிலேயே ஒரு சின்ன வீடியோவை அந்த டிவியில் போட்டுப் பாருங்கள். எக்ஸ்ஃபேட்டில் ஓடினால் உங்களுக்கு யோகம், இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு ஃபார்மட்டையும் ஒருமுறை பாருங்கள், சில டிவிகள் ஏற்கும். ரெண்டும் இல்லையென்றால் ஃபேட்32தான். விண்டோஸின் ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட்32 காட்டாது. ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து மாற்றலாம்தான். ஆனால் இதற்கென்றே 32 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்கிவிடுங்கள், தலைவலி மிச்சம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரிய படத்தை என்ன செய்வது? ரெண்டாக வெட்டுங்கள். எம்கேவி டூல்நிக்ஸ் மென்பொருளில் படத்தை இழுத்துப் போட்டு, 'அவுட்புட்' பக்கத்தில் 'ஸ்ப்ளிட் மோட்' என்பதைத் திறந்தால், அளவு சொல்லியும் வெட்டலாம், நேரம் சொல்லியும் வெட்டலாம். நான் நேரம்தான் சொல்வேன். படத்தில் 'இடைவேளை' அட்டை எந்த நிமிடத்தில் வருகிறது என்று பார்த்து அதைக் கொடுப்பேன். ஓரிரு வினாடி முன்பின் விழும், பரவாயில்லை. மறுபடி என்கோட் செய்யாமல் வெட்டுவதால் சில நிமிடத்தில் முடிந்துவிடும், தரமும் குறையாது. ரெண்டு துண்டும் 4 ஜிபிக்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் துண்டு முடிந்து திரை இருண்டதும் பெரியம்மா எழுந்து காபி போடப் போகிறார். நான் திட்டமிட்டுச் செய்ததாக இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

(ஏற்காடு ரோட்டில், பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போது சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அதை நடத்திய டி.ஆர். சுந்தரம் காலத்தில் படச்சுருள் பெட்டி பெட்டியாகப் போனது. 'பெட்டி வந்துருச்சா?' என்று ஊரே கேட்கும். இப்போது விரல் நீளக் குச்சி.)

படம் வருகிறது, சத்தம் வரவில்லை

டிவிக்குத் தெரியாத ஒலி வகை, பெரும்பாலும் டிடிஎஸ். சத்தம் வந்து படம் வரவில்லை என்றால் வீடியோ, பழைய டிவிக்குத் தெரியாத எச்.265 வகையாக இருக்கும். லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் படத்தைப் போட்டு 'டூல்ஸ்' போய் 'கோடெக் இன்ஃபர்மேஷன்' பார்த்தால் தெரிந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் 'ஃபாஸ்ட் 1080பி30' தேர்ந்தெடுத்து மாற்றுங்கள், எச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியுமாக வரும். பழைய டிவிக்கு அதுதான் தாய்ப்பால். பழைய லேப்டாப் என்றால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

பிற்சேர்க்கை 1: 'எல்லாம் சரியாகச் செய்தேன், பாதிப் படத்தில் நின்றுவிடுகிறது' என்று அம்மாப்பேட்டையிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், காப்பி முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கியிருக்கிறார். திரையில் முடிந்ததாகக் காட்டினாலும் உள்ளே எழுதுவது பாக்கி இருக்கலாம். 'எஜெக்ட்' கொடுத்துவிட்டு எடுங்கள். போனில் ஓடிஜி (பென் டிரைவைப் போனில் செருக உதவும் இணைப்பான்) போட்டு ஏற்றினாலும் இதேதான்.

பிற்சேர்க்கை 2: ஏற்காட்டு விடுதி ஒன்றில் லோக்கல்சென்டில் ஒருவரை ஒருவர் காணவில்லை என்று ஒரு தம்பதி கேட்டிருந்தார்கள். ஆப்பில் குறையில்லை. விருந்தினருக்கான வைஃபையில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுத்து வைப்பது வழக்கம். ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மற்றதை அதில் இணையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டே செய்யலாம், கோப்பு போக இன்டர்நெட் தேவையில்லை. லேப்டாப் அப்போதும் தெரியவில்லையென்றால், விண்டோஸில் அந்த வைஃபை 'பப்ளிக்' என்று இருக்கும். 'பிரைவேட்' என்று மாற்றுங்கள்.