பாட்காஸ்ட் அணிக்கு எந்த மென்பொருள்? முதலில் ஒரு தாளை எடுங்கள்

எங்கள் பாட்காஸ்டில் பேசிய ஒரு விருந்தினர், தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்ன பகுதியை எடுத்துவிடச் சொல்லியிருந்தார். அந்தச் செய்தி வாட்ஸ்அப் குழுவில்தான் கிடந்தது. எடிட் செய்தவர் குழுவைத் திறந்தபோது அதன்மேல் நாற்பது செய்திகள் ஏறியிருந்தன. எபிசோட் அப்படியே வெளியாகிவிட்டது. விருந்தினரிடம் மன்னிப்புக் கேட்டு, ஆடியோவை மாற்றிப் போட்ட அன்று இரவுதான் வேலைகளை ஒழுங்காக நிர்வகிக்க ஒரு மென்பொருள் தேட ஆரம்பித்தோம். புதிதாகத் தேடுகிறவர்களுக்கு, நாங்கள் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: எபிசோட் போகும் பாதையை வரையுங்கள்

எந்த இணையதளத்தையும் திறக்க வேண்டாம். ஒரு தாளில் எழுதுங்கள்: தலைப்பு, விருந்தினர் உறுதி, கேள்விகள், ரெக்கார்டிங், முதல் எடிட், கேட்டுத் திருத்தம் சொல்வது, விருந்தினர் சம்மதம், இறுதி மிக்ஸ், ஷோ நோட்ஸும் (எபிசோடுடன் போடும் எழுத்துக் குறிப்பு) அட்டைப்படமும், பதிவேற்றம், வெளியீடு. ஒவ்வொன்றின் கீழும் ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர் எழுதினால் ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று இருவருமே இருந்துவிடுவார்கள்.

அடுத்து, கடைசியாக வந்த மூன்று எபிசோடுகளை நினைத்துப் பார்த்து, எது எங்கே தேங்கியது என்று வட்டம் போடுங்கள். எடிட்டிங்தான் தாமதம் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். எழுதிப் பார்த்தால் எடிட் இரண்டு நாளில் முடிந்திருந்தது, அதைக் கேட்டுத் திருத்தம் சொல்லத்தான் ஆறு நாள். அந்த வட்டம்தான் முக்கியம். அந்த இடத்தில் உதவாத மென்பொருளில் நூறு வசதிகள் இருந்தும் பயனில்லை.

படி 2: ஆடியோவுக்குத் தனி இடம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிவாகும் ஒரு மைக்கின் வேவ் கோப்பு (சுருக்கப்படாத ஆடியோ), ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 518 எம்பி. இரண்டு மைக் என்றால் 1 ஜிபியைத் தாண்டும். வேலைகளைக் கார்டுகளாக அடுக்கிக் காட்டும் ட்ரெல்லோவின் இலவசக் கணக்கில் ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் ஏறாது. குறிப்புகளையும் அட்டவணைகளையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கும் நோஷனில் 5 எம்பி. ஆகவே ஆடியோவை கூகுள் டிரைவில் வைத்து, லிங்க்கை மட்டும் உள்ளே ஒட்டுங்கள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் போட்டோக்களுக்கும் சேர்த்துத்தான். இரண்டு மைக்கில் ஒரு மணி நேரம் பதிவு செய்தால் பதினான்கு, பதினைந்து எபிசோடில் நிரம்பிவிடும். காசு செலவழிப்பதானால் முதலில் சேமிப்பிடத்துக்குச் செலவழியுங்கள்.

கோப்பின் பெயரிலும் ஒழுங்கு வேண்டும். எபிசோட் எண், நிலை, தேதி, இந்த மூன்றும் போதும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’ என்றெல்லாம் பெயர் வைத்தால் என்றாவது ஒருநாள் தவறான கோப்பு வெளியே போகும்.

படி 3: பாதைக்கேற்ற கருவி

இரண்டு பேர், மாதம் இரண்டு எபிசோட் என்றால் கூகுள் ஷீட்ஸ் தாராளமாகப் போதும். கிடைவரிசைக்கு ஒரு எபிசோட், நெடுவரிசைக்கு ஒரு வேலை.

மூன்று முதல் ஆறு பேர் வரை இருந்தால் ட்ரெல்லோவைத்தான் முதலில் சொல்வேன். தாளில் வரைந்த பாதை அப்படியே போர்டில் பட்டியல்களாக வந்துவிடும். எபிசோட் ஒரு கார்டாக இடமிருந்து வலமாக நகரும். எது எங்கே நிற்கிறது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஒரு குறை: செக்லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் தனி ஆள், தனித் தேதி போட வேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும்.

கேள்விகள், ஆய்வுக் குறிப்பு, விருந்தினர் விவரம் என்று எழுத்து வேலை அதிகமுள்ள நிகழ்ச்சிக்கு நோஷன் நன்றாகப் பொருந்தும். ஆனால் இலவசக் கணக்கில் இரண்டாவது ஆளைச் சேர்த்ததுமே 1,000 பிளாக் என்ற வரம்பு வருகிறது. ஒவ்வொரு பத்தியும் ஒரு பிளாக். நீண்ட ஸ்கிரிப்ட் எழுதும் அணிக்கு அது சீக்கிரம் தீர்ந்துவிடும். அசானா, ஏர்டேபிள் போன்ற மற்ற வேலை நிர்வாகக் கருவிகளை, ஒரே நேரத்தில் பல நிகழ்ச்சிகள் நடத்தும்போது பார்த்துக்கொள்ளலாம். இந்த வரம்புகளை நிறுவனங்கள் அடிக்கடி மாற்றும். சேரும் அன்று விலைப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 4: ஒரே ஒரு எபிசோடை ஓட்டிப் பாருங்கள்

மாதிரி எபிசோட் வேண்டாம், உண்மையாகவே வெளிவரப்போகும் எபிசோடாக இருக்கட்டும். அணியில் புதுச் செயலி என்றாலே தயங்குகிறவர் ஒருவர் இருப்பார். அவர் தன் போனில் கார்டைத் திறந்து, ‘12:40இல் இருமல், வெட்டவும்’ என்று யார் உதவியும் இல்லாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் அந்தக் கருவியை விட்டுவிடுங்கள். அவர் மறுபடியும் வாட்ஸ்அப்புக்கே போவார், திருத்தங்கள் இரண்டு இடத்தில் சிதறும்.

படி 5: மாதிரி கார்டு

பிடித்துப்போனால் ஒரு கார்டைத் தயார் செய்து, ஒவ்வொரு எபிசோடுக்கும் நகலெடுங்கள். எங்கள் கார்டில் இருப்பவை: விருந்தினர் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல், ஒலி அளவு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு; இந்த அளவு ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் பரிந்துரைப்பது), 3000க்கு 3000 பிக்சல் சதுர அட்டைப்படம், முழு எபிசோடையும் ஒருவர் இயர்போனில் கேட்டாயிற்றா. எல்லாவற்றுக்கும் மேலே, ‘விருந்தினர் சம்மதம் வந்தது’. அதில் டிக் விழாமல் கார்டு பதிவேற்றப் பட்டியலுக்கு நகரக் கூடாது என்பது எங்கள் அணியின் விதி.

படி 6: வெளியே வரும் வழி

தகவலை எப்படித் திரும்ப எடுப்பது என்று முதல் வாரமே பார்த்துவையுங்கள். நோஷன் அட்டவணைகளை எக்செலில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகத் தரும். ட்ரெல்லோ இலவசக் கணக்கில் ஜேசன் கோப்புதான் (நிரல்கள் படிக்கும் வடிவம்) கிடைக்கும், எக்செலில் நேராகத் திறந்து படிக்க வசதிப்படாது. அதனால் எபிசோட் எண், விருந்தினர், வெளியான தேதி, ஆடியோ லிங்க் இந்த நான்கையும் தனியாக ஒரு ஷீட்டில் எழுதி, ஆடியோ இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்திருக்கிறோம்.