வெயில் குழாய் பூட்டுறவைக்கு

போன கிழமை கொக்குவிலில் ஒரு கூரையில் இரண்டு பொடியன்கள் வெயில் வெளிச்சத்தைக் கூரையிலிருந்து அறைக்குள் இறக்கும் தகரக் குழாய் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். என் முதல் குழாய் ஞாபகம் வந்து வயிறு எரிந்தது. ஓட்டையை ஒழுங்காக அடைக்காவிட்டால் மாரிக்கு ஒழுகும் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உள் மினுக்கம்

என் கைக்காசைத் தின்ற பிழை இதுதான். ஜன்னல் இல்லாத சாமியறை. 3 மீற்றர் நீளம், 25 சென்ரிமீற்றர் அகலக் குழாய். வெள்ளி பூசின தகடு விலை கூடவென்று சாதாரண மினுக்கின அலுமினியத்தைச் சுருட்டி இறக்கினேன். முகம் பார்க்கலாம் போலத்தான் இருந்தது. சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் மத்தியானம் திறந்து காட்டினேன். வெளிச்சம் கொட்டியது. வீட்டுக்கார அம்மா தேத்தண்ணியோடு பயத்தம் பணியாரமும் தந்தா.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கும். கதிர் சுவரில் முட்டாமலே இறங்கும். உள்ளே தார் பூசியிருந்தாலும் வெளிச்சம் வந்திருக்கும்! அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் சரிந்து வரும் காலை வெயில் அதே குழாய்க்குள் ஏறக்குறைய 20 தடவை தெறித்துத்தான் கீழே வரவேண்டும். வெள்ளி பூசின தகட்டில் போல ஒவ்வொரு தெறிப்பிலும் 100க்கு 98 பங்கு தப்பினால் முடிவில் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும். என் அலுமினியத்தில் போல 85 பங்குதான் தப்பினால் மிஞ்சுவது 4 வீதம்.

மார்கழியில் அந்த அம்மா போன் எடுத்தா. "தம்பி, விடிஞ்சாப் பிறகும் லைற் போட்டுத்தான் விளக்கேத்திறன்."

சீலிங்கைக் கழற்றினது, புதுத் தகடு, கூலி எல்லாம் என் தலையில். இப்போது நான் காலையில் போய்ப் பார்க்காமல் மிச்சக்காசு வாங்குவதில்லை.

அகலம்

இரண்டு மடங்காக்கினால் தெறிப்பு பாதியாகும். அதற்குக் கைமரங்களுக்கு இடையில் இடமிருக்க வேண்டும்.

வளைவு

வேண்டாம்.

இரவுக்கு மேலே பல்ப்

வைக்கலாம். தூரத்து விளக்கின் வெளிச்சத்தைக் குழாயால் வீட்டுக்குள் கொண்டுவர அமெரிக்கப் பொறியியலாளர் வில்லியம் வீலர் 1881இலேயே காப்புரிமை எடுத்தவர். ஆனால் சாதாரண பல்ப் நாலாபக்கமும் வீசும். சாய்ந்து போகும் வெளிச்சம் சுவரில் பல தடவை தெறித்துத் தெறித்தே சாகும். ஒடுங்கிய கற்றையாக நேரே கீழ்நோக்கி அடிக்கும் விளக்காகப் பாருங்கள்.

கீழ் மூடி

தெளிந்த கண்ணாடி போட்டால் நிலத்தில் ஒரு வட்டம் மட்டும் எரியும், மூலையெல்லாம் இருட்டு. வெளிச்சத்தைப் பரப்பும் பால்நிற மூடி போடுங்கள், விளிம்பையும் இறுக்கி அடையுங்கள். ஒரு வீட்டில் நான் விட்ட நூலிடைவெளியால் பல்லி ஒன்று உள்ளே போய் மூடிமேல் செத்துக் கிடந்தது. வீட்டுக்காரர் எனக்குச் சொல்லவில்லை. நிழல் எந்தத் திசையில் விழுகிறதென்று பஞ்சாங்கத்தில் பல்லிப் பலன் பார்த்துக்கொண்டிருந்தார்.