ஒரே தளத்தில் ஆட்டமும் பாட்டும்: பூங்கா விழா நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கடற்கரையை அடுத்த பூங்காவொன்றில் பல நாட்டு இசையும் நடனமும் சேர்ந்த மாலை விழாவை முதன்முறையாக நடத்த முனைந்துள்ள இளைஞர்கள் தமது மேடைப் படத்தைக் காட்டியபோது, பல ஆண்டுகளுக்கு முன் நானே கீறிய படத்தைத் திரும்பவும் பார்ப்பதுபோல் இருந்தது. மழை, குடிநீர், கழிப்பறை பற்றி எவரும் நினைவூட்டுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே தளம்

ஆடுவோரையும் வாசிப்போரையும் ஒரே பலகைத் தளத்தில் ஏற்றுவதே மிகுந்த செலவு வைக்கும் தவறு. இரும்புச் சட்டத்தின்மீது எட்டடிக்கு நாலடிப் பிளைவூட் பலகைகளை அடுக்கிக் கம்பளம் விரித்த மேடை பேச்சாளருக்குப் போதும். பரதநாட்டியக் கலைஞர் தட்டடவில் பாதத்தை அறையும்போதோ அந்தத் தளம் முழுவதும் அதிர்ந்து, அதிர்வு ஒலிவாங்கியின் தாங்கி வழியே ஏறி, ஒலிபெருக்கியில் இடியாக வெளிவருகிறது. தாழ்ந்த ஒலிகளை வெட்டினால் இடி அடங்கும். மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியும் கூடவே அடங்கிவிடும்.

என் முதல் விழாவில், காலணியால் தளத்தைத் தட்டி ஆடும் ஸ்பானிய பிளமெங்கோ நடனக் குழுவை முன்னதாக ஆடவிட்டேன். அந்த நடனக் காலணிகளின் முன்பக்கத்திலும் குதியிலும் ஆணிகள் அறையப்பட்டிருக்கும். கம்பளத்தில் அவற்றின் ஓசை எழாது என்பதால் கம்பளத்தை அகற்றினோம். அரை மணி நேரத்தில் பலகை சிராய் சிராயாக எழுந்துவிட்டது. அடுத்து வெறுங்காலுடன் ஏறிய மாணவி, முதல் உருப்படி முடியுமுன்பே பாதத்தில் சிராய் ஏறி இறங்கினாள். "ஆறு மாசமாப் பழகின பிள்ளை, சேர்" என்று அவளுடைய தாயார் சொன்னதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. பூட்டியிருந்த மரக்காலையைத் திறப்பித்துப் புதிய பலகைகள் வாங்கி மூடுவதற்குள் ஒன்றரை மணி நேரம் கழிந்தது. கூட்டத்தில் பாதி கலைந்துவிட்டது. செலவோ மேடை வாடகையை எட்டியது. "ஒரு மேடை காணும்" என்று வாடகைக்கு விடுவோர் இன்றும் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

வாத்தியக்காரருக்குத் தனியாகத் தாழ்ந்த மேடையொன்று போடுங்கள். இரண்டின் சட்டங்களும் ஒன்றையொன்று தொடாதபடி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். காலணி நடனத்துக்கு மேலதிகப் பலகைகளை விரித்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெறுங்கால் நடனத்துக்கு முன் பழைய பருத்தித் துணியால் தளத்தைத் துடைத்துப் பாருங்கள். சிராயோ ஆணியோ இருந்தால் துணி சிக்கிக் காட்டிக்கொடுக்கும்.

இடைவேளை

1992இல் தொடங்கிய, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரப் பூங்காவில் நடக்கும் வோமடிலெய்டு என்ற உலக இசை விழாவில் பல மேடைகள் உண்டு. ஒன்றில் நிகழ்ச்சி நடக்கையில் மற்றொன்றில் அடுத்த குழு ஆயத்தமாகலாம். உங்களிடம் இருப்பது ஒன்றே என்பதால், குழுக்களுக்கிடையில் இருபது நிமிடமாவது விடுங்கள்.

சூடு

கச்சான் என்ற வெப்பக் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் மூன்று மணி வெயிலில் கிடந்த பலகையை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்காமல் எவரையும் வெறுங்காலுடன் ஏற்றாதீர்கள்.

சுருதி

கடற்காற்றின் ஈரத்தில் மிருதங்கத்தின் தோலும் தளரும், மேற்காபிரிக்க மேளமான ஜெம்பேயின் ஆட்டுத்தோலும் தளரும். அறையில் சேர்த்த சுருதியை நம்பாமல், கருவிகளை அரை மணி முன்பே மேடையருகில் வைத்து, அங்கேயே மீண்டும் சேர்க்கச் சொல்லுங்கள்.

மான்கள்

நகரில் திரியும் புள்ளிமான்கள் இரவில் புல் மேய வரும்; வயர்களைச் சுருட்டி எடுத்துவிட்டுப் போங்கள்.