தன்னையே திருத்திக்கொள்ளும் நிரல்: எங்கெல்லாம் சறுக்கும்

ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் கட்டளைகளைத் தானே மாற்றிக்கொள்ளும் நிரல் எழுதிப் பார்க்க ஆசைப்படாத அசெம்பிளிக்காரர் அரிது. ஓடும்போதே கட்டளைகளை உருவாக்கும் ஜிட் கம்பைலர் எழுதுகிறவர், அடுத்தவர் ஃபங்ஷனுக்கு ஹுக் போட்டு அழைப்பைத் தன் பக்கம் திருப்புகிறவர், இயங்குதளத்தின் மையமான கர்னலில் எது எப்போது ஓடுகிறது என்று பதியும் டிரேசிங் வைக்கிறவர் என்று இன்றும் இது பலருக்கு அன்றாட வேலை. இதில் வரும் தவறுகளைத் துருவிப் பார்த்தால் முக்கால்வாசி ஒரே நம்பிக்கையிலிருந்துதான் கிளம்புகின்றன: "மெமரியில் எழுதிவிட்டேன், ஆகவே அதுதான் ஓடும்." அப்படி இல்லை. நீங்கள் மாற்றியது ஒரு பிரதியை மட்டும்தான். ப்ராசஸருக்குள் இருக்கும் வேகமான தற்காலிக நினைவகமான கேஷில் ஒரு பிரதி, அதே சிப்பில் தனியாகக் கட்டளைகளை ஓட்டும் பக்கத்து கோரில் ஒரு பிரதி, கம்பைலர் வேறொரு ஃபங்ஷனுக்குள் ஒட்டிவைத்த பிரதி, பிழை தேடும் கருவியான டீபக்கர் எடுத்துவைத்த பிரதி என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன, அவற்றுக்கெல்லாம் நீங்கள் செய்த மாற்றம் தெரியாது.

முதலில் இது எதற்காக வந்தது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் தேவையே இல்லாத இடத்தில் இதைச் செய்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1949இல் கேம்பிரிட்ஜில் ஓடத் தொடங்கிய எட்சாக் கணினியில் அப்போது, கட்டளையின் முகவரியோடு ஒரு எண்ணைத் தானே கூட்டித் தரும் இண்டெக்ஸ் ரெஜிஸ்டர் கிடையாது. வரிசையாக நூறு எண்களைக் கூட்ட வேண்டுமானால், கூட்டும் கட்டளைக்குள் இருக்கும் முகவரியையே ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டி மாற்ற வேண்டும், வேறு வழி இல்லை. சப்ரூட்டீனிலிருந்து திரும்புவதற்குக்கூட, எங்கே திரும்ப வேண்டும் என்ற ஜம்ப் கட்டளையை அந்த சப்ரூட்டீனின் கடைசியில் எழுதிவைக்கும் முறையை டேவிட் வீலர் கொண்டுவந்தார். அந்தத் தேவை தீர்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. இன்று ஒரு ஃபங்ஷன் பாயிண்டரை (எந்த ஃபங்ஷனைக் கூப்பிடுவது என்ற முகவரியை) மாற்றினால் முடிகிற வேலைக்குக் கட்டளையையே மாற்றி எழுத, அதாவது பேட்ச் பண்ணக் கிளம்புவது, வேகத்துக்காக என்று சொன்னாலும், பெரும்பாலும் வேகத்தைக் குறைக்கத்தான் செய்யும். இன்றைய பிசிகளில் இருக்கும் எக்ஸ்86 வகை ப்ராசஸர், கட்டளைகள் இருக்கும் இடத்தில் யாராவது எழுதுகிறார்களா என்று கண்காணித்துக்கொண்டே இருக்கிறது, எழுதினால் பைப்லைனை, அதாவது பாதி வேலையில் வரிசையாக நிற்கும் கட்டளைகளைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறது. கட்டளைகளுக்கு மிக அருகில் சாதாரண டேட்டாவை வைத்து அதில் அடிக்கடி எழுதினாலும் இதே தண்டனைதான், அது நிரலைத் திருத்தவே இல்லையென்றாலும் சரி.

பழைய 8 பிட் கணினியில் கேஷும் இல்லை, இரண்டாவது கோரும் இல்லை. அங்கேயும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கும், அதைப் பார்த்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். கமடோர் 64இல் திரை மெமரி 1024இல் தொடங்கி 2023 வரை, மொத்தம் 1000 பைட். திரையை நிரப்ப ஒரு ரூட்டீன் எழுதுகிறீர்கள், அதன் நடுவில் 141, 0, 4 என்று மூன்று பைட்: கணக்கு நடக்கும் ரெஜிஸ்டரான அக்யூமுலேட்டரில் இருப்பதை 1024ஆம் முகவரியில் எழுது என்று பொருள் (மூன்றாவது பைட் 4 பெருக்கல் 256, அதோடு நடு பைட் 0). ஒவ்வொரு சுற்றிலும் நடு பைட்டை ஒன்று கூட்டுகிறீர்கள், அது 255 தாண்டி 0 ஆகும்போது மூன்றாவது பைட்டையும் கூட்ட வேண்டும். இதை மறந்தால் முதல் 256 இடத்தையே திரும்பத் திரும்ப நிரப்பும், அது திரையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும், திருத்திவிடுவீர்கள். அடுத்தது அப்படி இல்லை. ஆயிரம் சுற்று முடிந்ததும் அந்த மூன்று பைட் 141, 232, 7 என்று நிற்கிறது, அதாவது 2024. ரூட்டீனை இரண்டாம் முறை கூப்பிட்டால் அங்கிருந்துதான் தொடங்கும். கொஞ்ச தூரத்தில் 2040இலிருந்து, திரையில் நகரும் படங்களைக் காட்டும் ஸ்ப்ரைட் பாயிண்டர்கள், 2049இலிருந்து உங்கள் பேசிக் நிரல், எல்லாவற்றின் மேலும் எழுதிக்கொண்டே போகும். முதல் முறை கச்சிதமாக வேலை செய்தது, அதனால் சந்தேகம் இங்கே வரவே வராது. மாற்றிய கட்டளையை உள்ளே நுழையும்போதே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வெளியே போகும்போது சரிசெய்யலாம் என்று விட்டால், நடுவில் இன்டரப்ட் வந்து வேறு பக்கம் போன அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, கட்டளைகளை முன்கூட்டியே எடுத்துவைக்கும் ப்ராசஸர்களுக்கு வருவோம். இன்டெல் 8088 அடுத்த 4 பைட் கட்டளைகளை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும், 8086 என்றால் 6 பைட். அடுத்த கட்டளையை நீங்கள் மெமரியில் மாற்றினாலும் ஏற்கெனவே எடுத்துவைத்த பழையதுதான் ஓடும். பென்டியம் காலத்திலிருந்து எக்ஸ்86 இதைத் தானே கவனித்துச் சரிசெய்துவிடுகிறது. அந்த வசதியே ஒரு பொறி. லேப்டாப்பில் பேட்ச் பண்ணினேன், ஓடியது, முடிந்தது என்று அப்படியே, போன்களில் இருக்கும் வேறு வகை ப்ராசஸரான ஏஆர்எம் உள்ள போர்டுக்குக் கொண்டுபோகிறோம், அங்கே கட்டளை கேஷும் டேட்டா கேஷும் தனித்தனி, ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தானாகப் போய்ச் சேராது. டேட்டா கேஷில் எழுதியதை வெளியே தள்ள வேண்டும், அது முடியும்வரை காத்திருக்க வேண்டும், கட்டளை கேஷில் அந்த இடத்தைச் செல்லாததாக்க வேண்டும், அதற்கும் காத்திருக்க வேண்டும், கடைசியில் பைப்லைனைப் புதுப்பிக்கும் ஐஎஸ்பி கட்டளை. அந்தக் கடைசிக் கட்டளை, புதிய நிரலை ஓட்டப்போகிற ஒவ்வொரு கோரிலும் நடக்க வேண்டும் என்பதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசையைக் கையால் எழுதாதீர்கள். ஜிசிசி, கிளாங் என்ற கம்பைலர்கள் இரண்டிலும் இதற்கென்றே கிளியர் கேஷ் என்ற உள்ளமைந்த ஃபங்ஷன் இருக்கிறது, விண்டோஸில் ஃப்ளஷ் இன்ஸ்ட்ரக்ஷன் கேஷ் இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள்.

அதைக் கூப்பிட்டும் சறுக்கிய கதை ஒன்று உண்டு. 2016இல், டாட்நெட் நிரல்களை ஓட்டும் மென்பொருளான மோனோவின் குழுவுக்கு விநோதமான கிராஷ் அறிக்கைகள் வந்தன. சாம்சங்கின் எக்ஸினோஸ் 8890 சிப் உள்ள போன்களில், ஜிட் உருவாக்கிய நிரல் கண்ட கண்ட இடத்தில் தவறான கட்டளை என்று விழுந்தது, விழுந்த இடத்தில் மெமரியைப் பார்த்தால் கட்டளை சரியாகவே இருந்தது. விழுந்த முகவரிகளில் மட்டும் ஒரு ஒழுங்கு தெரிந்தது: 128 பைட் துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் பின்பாதி 64 பைட்டுக்குள்ளேயே இருந்தன. காரணம் இதுதான். அந்தச் சிப்பில் பெரிய கோர்களின் கேஷ் லைன் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு) 128 பைட், சிறிய கோர்களுக்கு 64 பைட். கேஷைத் துடைக்கும் ஃபங்ஷன், லைன் அளவை முதல் முறை மட்டும் கேட்டு ஒரு ஸ்டாட்டிக் மாறியில் போட்டு வைத்துக்கொண்டது. முதல் முறை பெரிய கோரில் ஓடியிருந்தால் 128 என்று பதிந்துவிடும். அப்புறம் அதே த்ரெட்டை, அதாவது நிரலின் அந்த ஓட்டத்தை, சிறிய கோருக்கு நகர்த்துகிறது இயங்குதளம், துடைப்பது 128 பைட் தாவித் தாவிப் போகிறது, ஒன்று விட்டு ஒன்று லைன்கள் பழையபடியே கிடக்கின்றன. எந்தக் கோரில் எப்போது ஓடுகிறோம் என்பது நம் கையில் இல்லாததால் நினைத்தபோது வரவழைக்க முடியாத பிழை. இதுவரை பார்த்ததிலேயே சிறிய அளவு எதுவோ அதை வைத்துத் துடைப்பது என்று மாற்றினார்கள். ப்ராசஸரைப் பற்றி ஒரு முறை கேட்டுத் தெரிந்துகொண்ட எதுவும் அடுத்த நொடியிலும் உண்மையாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வகைப் பிழைகளை, ஒரு ப்ராசஸரைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் தேடுவதும் வீண். கியூஎம்யூ என்ற எமுலேட்டர் கேஷ்களைப் போலச் செய்து காட்டுவதில்லை, அதனால் நீங்கள் துடைக்க மறந்தது அங்கே தெரியவே தெரியாது. உண்மையான போர்டில், ஒன்றுக்கு மேற்பட்ட கோர்களில், வேலைப்பளுவோடு ஓட்டிப் பாருங்கள்.

அனுமதி பற்றிய தவறுகள் எரிச்சலூட்டுபவை, ஆனால் எளிதில் சரியாகிவிடும். 2003இல் ஓபன்பிஎஸ்டி 3.3 இயங்குதளம், மெமரியின் ஒரே பக்கம் (அனுமதி தரப்படும் ஒரு துண்டு) எழுதக்கூடியதாகவும் ஓட்டக்கூடியதாகவும் ஒருசேர இருக்கக்கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். லினக்ஸில், பக்கத்தின் அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்ட்டுக்குக் கொடுக்கும் முகவரி பக்கத்தின் தொடக்கமாக இருக்க வேண்டும், ஃபங்ஷனின் முகவரியை அப்படியே கொடுத்தால் பிழை திரும்பும், திரும்பிய மதிப்பைப் பார்க்காமல் எழுதப் போனால் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நிரல் விழும். பக்க அளவு 4096 என்று எண்ணை நேராக எழுதிவிடுவது இன்னொன்று. ஆப்பிளின் எம்1 முதலான சிப்களில் அது 16384, ஆண்ட்ராய்டும் 15ஆம் பதிப்பிலிருந்து அந்த அளவை ஆதரிக்கிறது. பேட்ச் இரண்டு பக்கங்களின் எல்லையில் விழுந்தால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும், இதையும் மறக்கிறார்கள். எழுத, படிக்க, ஓட்ட மூன்றையும் திறந்து வைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உங்கள் நிரலில் அளவுக்கு மேல் எழுதவிடும் ஒரு பஃபர் ஓட்டை இருந்தால் தாக்குகிறவனுக்கு வேண்டியதை எல்லாம் நீங்களே தயார் பண்ணி வைத்ததாக ஆகும். ஒரே மெமரியை இரண்டு முகவரிகளில் மேப் பண்ணி, ஒன்றை எழுதவும் மற்றதை ஓட்டவும் வைப்பது நல்ல வழி. ஆனால் அப்படிச் செய்யும்போது எக்ஸ்86இன் தானியங்கிக் கவனிப்பை முழுக்க நம்ப முடியாது, எழுதிய முகவரியும் ஓடும் முகவரியும் வேறு என்பதால், ஓட்டுவதற்கு முன் முந்தையவை எல்லாம் முடிந்த பிறகே அடுத்ததை எடுக்கவைக்கும் சிபியுஐடி போன்ற சீரியலைஸிங் கட்டளை ஒன்று வேண்டும்.

சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு தலைவலி. ஒரு சிறிய ஃபங்ஷனின் முகவரியை எடுத்து, உள்ளே ஒரு எண்ணை மாற்றுகிறீர்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் பண்ணினால் வேலை செய்கிறது, ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் போட்டால் எந்த மாற்றமும் தெரியவில்லை. கம்பைலர் அந்த ஃபங்ஷனைக் கூப்பிடும் இடங்களிலேயே விரித்து எழுதிவிட்டது, நீங்கள் மாற்றிய பிரதியை யாரும் கூப்பிடுவதே இல்லை. இப்படி விரிக்காதே என்று சொல்லும் நோஇன்லைன் போட்டாலும் முழுப் பாதுகாப்பு இல்லை, விடை மாறாது என்று தெரிந்தால் கம்பைலர் விடையை நேராக வைத்துவிட்டுப் போய்விடும். அதுபோல ஃபங்ஷன் பாயிண்டர் என்றாலே முதல் கட்டளையின் முகவரி என்று எண்ணாதீர்கள். 32 பிட் ஏஆர்எம்மில் தம்ப் என்ற சுருக்கமான கட்டளை வடிவில் எழுதிய ஃபங்ஷன் என்றால் பாயிண்டரின் கடைசி பிட் 1 ஆக இருக்கும், அதை நீக்காமல் எழுதினால் ஒரு பைட் தள்ளி எழுதுவீர்கள். திருத்த வேண்டிய நிரலைக் கம்பைலரிடம் விடாமல் நீங்களே ஒரு தனிப் பக்கத்தில் உருவாக்குவதுதான் நிம்மதி.

இப்போது த்ரெட்கள். ஒரு ஃபங்ஷனின் தொடக்கத்தில் 5 பைட் ஜம்ப் போட்டு வேறிடத்துக்குத் திருப்புவது ஹுக் போடுகிறவர்களின் வழக்கம். அந்த 5 பைட்டுக்குள் பழைய கட்டளைகள் இரண்டோ மூன்றோ இருந்திருக்கும், நீங்கள் எழுதும் நேரத்தில் இன்னொரு த்ரெட் அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தால், அது அடுத்து எடுப்பது உங்கள் ஜம்பின் நடுத்துண்டை. 5 பைட்டையும் ஒரே மூச்சில் எழுதினால்கூட இது நடக்கும். மைக்ரோசாஃப்ட் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல் 32 பிட் சிஸ்டம் ஃபங்ஷன்கள் ஒன்றும் செய்யாத ஒரு 2 பைட் கட்டளையோடு தொடங்கும், ஃபங்ஷனுக்கு முன்னால் 5 பைட் காலியாக இருக்கும். முதலில் அந்தக் காலி இடத்தில் நீண்ட ஜம்பை எழுது, யாரும் அங்கே ஓடவில்லை. பிறகு 2 பைட்டை, அங்கே பின்னோக்கித் தாவும் குட்டி ஜம்பாக மாற்று. நடுவில் சிக்க யாருக்கும் இடம் இல்லை. லினக்ஸ் கர்னல் வேறு மாதிரி போகிறது: முதல் பைட்டில், ஓட்டத்தை அங்கேயே நிறுத்தும் பிரேக்பாயிண்ட் கட்டளையை, அதாவது 204ஐ எழுதி எல்லாக் கோர்களையும் ஒத்திசைத்து, மீதி பைட்களை எழுதி மறுபடி ஒத்திசைத்து, கடைசியில்தான் முதல் பைட்டை மாற்றுகிறது. இடையில் அங்கே வரும் கோர் பிரேக்பாயிண்டில் பிடிபட்டு, ஹேண்ட்லர் வழியாகச் சரியான இடத்துக்குப் போய்விடும்.

டீபக்கரும் இதே 204ஐத்தான் எழுதுகிறது. நீங்கள் பேட்ச் பண்ணும் இடத்தில் பிரேக்பாயிண்ட் வைத்தால், அதை எடுக்கும்போது டீபக்கர் தான் முன்பு சேமித்த பழைய பைட்டைத் திருப்பி வைத்து உங்கள் திருத்தத்தை அழித்துவிடும். இப்படிப்பட்ட இடங்களில் ஹார்ட்வேர் பிரேக்பாயிண்ட் பயன்படுத்துங்கள், அது மெமரியைத் தொடாது.

கடைசியாக, எழுதும் இடம் இன்னும் அதே இடம்தானா என்ற கேள்வி. 2008இல் லினக்ஸ் 2.6.27 தயாராகிக்கொண்டிருந்தபோது, சோதித்துப் பார்த்தவர்கள் சிலரின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள் செத்துப்போயின. இ1000இ டிரைவர் ஓட்டும் கார்டுகள், ரீபூட் பண்ணினாலும் எழவில்லை, உள்ளே இருந்த நிலையான மெமரியான ஃப்ளாஷ் கெட்டுப்போயிருந்தது. எல்லோரும் டிரைவரையே சந்தேகித்தார்கள். குற்றவாளி அதற்குச் சம்பந்தமே இல்லாத, கர்னலின் டிரேசிங் கருவியான எஃப்டிரேஸ். ஒவ்வொரு ஃபங்ஷனின் தொடக்கத்திலும் கம்பைலர் வைத்த டிரேசிங் அழைப்பு, முதல் முறை ஓடும்போது தன் முகவரியைப் பட்டியலில் பதிந்துகொள்ளும், பிறகு நொடிக்கு ஒரு முறை எழும் ஒரு கர்னல் த்ரெட் அந்த இடங்களை ஒன்றும் செய்யாத கட்டளையாக மாற்றும். கர்னலில் பிறகு ஏற்றப்படும் துண்டுகளான மாட்யூல்களின் தொடக்க ஃபங்ஷன்கள் ஒரே ஒரு முறை ஓடும், ஓடியதும் அந்த மெமரி விடுவிக்கப்படும், ஆனால் முகவரி பட்டியலிலேயே தங்கிவிட்டது. விடுபட்ட அந்த முகவரியில் நெட்வொர்க் கார்டின் ஃப்ளாஷ் மேப் ஆகி உட்கார்ந்தது.

எஃப்டிரேஸ் கண்ணை மூடிக்கொண்டு எழுதவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பழைய கட்டளை அங்கே இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் மாற்றச் சொல்லி கம்பேர் எக்ஸ்சேஞ்ச் கட்டளையைப் பயன்படுத்தினார்கள். எக்ஸ்86இல் அந்தக் கட்டளை, ஒப்பீடு தோற்றாலும் படித்த மதிப்பையே திரும்ப எழுதும். சாதாரண மெமரியில் அதனால் எதுவும் ஆகாது, ஃப்ளாஷ் மேப் ஆன இடத்தில் அப்படி ஒரு முறை எழுதியதே கார்டைக் கெடுக்கப் போதுமானதாக இருந்தது. 2.6.27.1இல் அந்த வசதியையே முடக்கினார்கள். அதற்கடுத்த வடிவத்தில் அழைப்பு இடங்களைக் கம்பைல் நேரத்திலேயே பட்டியலிட்டார்கள், விடுவிக்கப்படும் பகுதிகளை அதில் சேர்ப்பதில்லை, மாற்றும்போதும் முதலில் பாதுகாப்பாகப் படித்து, ஒப்பிட்டு, பொருந்தினால் மட்டும் தனியாக எழுதுகிறார்கள். நீங்கள் பேட்ச் பண்ணும் எந்த நிரலிலும் இந்த மூன்றையும் இதே வரிசையில் வையுங்கள், பொருந்தாவிட்டால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு, முகவரியையும் அங்கே கண்ட பைட்களையும் லாகில் எழுதுங்கள்.